கேட்டது கிடைக்கல, ஆனா போறத நிறுத்தல

மெட்ராஸ்ல யார்கிட்ட வேணா ஒரு கஷ்டத்த சொல்லிப் பாருங்க, அடுத்த நிமிஷம் ஒரு கோயில் பேர் வந்து விழும். சொந்த வீடு அமையலையா, சிறுவாபுரி முருகன்கிட்ட தொடர்ந்து 6 செவ்வாக்கிழமை போயிட்டு வா. குழந்தை தங்கலையா, திருக்கருகாவூர் போய் அம்பாள் பாதத்துல வச்ச நெய் வாங்கிட்டு வந்து 48 நாள் சாப்பிடு. எதுவுமே சரியில்லையா, பெசன்ட் நகர் மாதா கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வா, எந்த மதமா இருந்தா என்ன. இப்படி சொல்றவங்க மேல எனக்கு மரியாதைதான் இருக்கு, நம்ம கஷ்டத்தப் பாத்துட்டு சும்மா நகர்ந்து போகாம, தன்கிட்ட இருக்கறதுல பெருசா நினைக்கிற ஒண்ண எடுத்து நம்ம கையில குடுக்கறாங்க, அது சின்ன விஷயம் இல்ல.

எங்களுக்கு குழந்தை இல்ல. ஊசி, ஸ்கேன், ரிப்போர்ட்ட மடியில வச்சிக்கிட்டு டோக்கன் நம்பர் எப்ப கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கறது, இப்படியே ஒரு காலம் போச்சு, அதோட சேத்து கோயில் கோயிலாவும் போனோம், யார் எத சொன்னாலும் போனோம், கிடைக்கல. இப்ப அந்த வயசையும் தாண்டியாச்சு, டாக்டரும் போதும்மான்னு சொல்லியாச்சு. கொஞ்ச நாள் முன்னாடி என் சித்தி பொண்ணு மந்தவெளில எங்க வீட்டுக்கு வந்திருந்தா, சாயங்காலம் நான் கபாலி கோயிலுக்கு கிளம்பறதப் பாத்துட்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காத, நீ கேட்டது ஒண்ணுமே நடக்கல, அப்புறமும் எப்படிக்கா நம்புற?"ன்னு கேட்டா. அவ குத்திக் காட்டல, நிஜமாவே தெரிஞ்சிக்கணும்னு கேட்டா. அவளுக்கு அன்னிக்கு பாதி பதில்தான் சொல்ல முடிஞ்சுது, மீதிய இங்க எழுதறேன்.

நம்பிக்கைன்னு நாம பேசறதுல ரெண்டு விஷயம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. ஒண்ணு, இது நடக்கும்ங்கறது. இன்னொண்ணு, அவர் இருக்கார்ங்கறது. நல்லா போயிட்டிருக்கற வரைக்கும் இந்த ரெண்டுக்கும் நடுவுல எந்த வித்தியாசமும் தெரியாது, கேட்டோம் நடந்துச்சு அதனால இருக்கார், அவ்ளோதான். கேட்டது நடக்காம போறப்பதான் ரெண்டும் தனித்தனியா பிரியும். பிரிஞ்ச அப்புறம் முதல்ல சொன்னது கையில இருக்காது, ரெண்டாவது இருக்கா இல்லையான்னு நாமளே தேடிப் பாத்துதான் ஆகணும். ஒரு மனுஷனோ மனுஷியோ உள்ளுக்குள்ள வளர்றது அங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன், அதுக்கு முன்னாடி நாம பண்றது எல்லாம் பெரும்பாலும் வட்டிக்கடை கணக்கு மாதிரி, இத்தன வாரம் போட்டேன், இவ்ளோ திரும்பி வரணும்னு.

டாக்டர் போதும்னு சொன்ன அந்த வாரம் நான் கோயிலுக்குப் போனது பக்தியில இல்ல, பழக்கத்துல. கால் தானா போச்சு. கற்பகாம்பாள் சன்னதிக்கு எதிர்ல நின்னேன், கை கூப்பல, ஒண்ணும் கேக்கல, உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணிக்கோன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு வந்து பிராகாரத்துல புன்னை மரத்துப் பக்கம் உக்காந்தேன். கோபம்னா அப்படி ஒரு கோபம். சாமிகிட்ட கோபப்படலாமான்னு ஒரு பயம் வேற. எங்க அம்மா இருந்திருந்தா வாயில போட்டுக்கோ வாயில போட்டுக்கோன்னு சொல்லியிருப்பாங்க.

அந்த பயத்த எனக்கு எடுத்து விட்டது சுந்தரர்தான்.

சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எவ்வளவு தூரம் நம்ம ஊர் கதைன்னு நிறைய பேர் யோசிச்சிருக்க மாட்டாங்க. திருவொற்றியூர்ல சங்கிலியாரப் பாத்து ஆசைப்படறார், உன்ன விட்டுப் போக மாட்டேன்னு மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணி கல்யாணம் பண்ணிக்கறார், அப்புறம் வசந்த காலம் வருது, திருவாரூர் ஞாபகம் வந்துடுது, கிளம்பிடறார். ஊர் எல்லையத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போயிடுது. கண்ணு தெரியாம தட்டுத் தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வர்றார், அது இப்ப நம்ம பூண்டி பக்கம். கொசஸ்தலை ஆத்துக்கு குறுக்க பூண்டி அணை கட்டி 1944ல முடிச்சாங்க இல்ல, அதுல அந்தப் பழைய இடம் தண்ணிக்குள்ள போயிடுச்சு, கோயில மேட்டுல வேற இடத்துல எடுத்துக் கட்டியிருக்காங்க. ஊன்றீஸ்வரர் கோயில்னு பேரு, திருவள்ளூர் வரைக்கும் லோக்கல் டிரெயின்ல போயிட்டு அங்கேர்ந்து பஸ் பிடிச்சா போயிடலாம். மெட்ராஸ்ல குழாயத் திறந்தா வர்ற தண்ணில ஒரு பங்கு அந்த ஏரித் தண்ணிதான், சுந்தரர் கண்ணு தெரியாம நின்ன இடத்து மேல நிக்கிற தண்ணி. எனக்கு இத முதல் தடவ யோசிச்சப்ப உடம்பு சிலிர்த்துது.

அங்க நின்னு அவர் சிவன்கிட்ட என்ன பாடறார்னா, தப்பு பண்ணாலும் நீ பொறுத்துப்பேன்னு நம்பித்தானே பண்ணேன், பழி வருமேன்னு கூட பாக்காம என் கண்ண மறைச்சிட்டியேன்னு. அப்புறம் நேராவே கேட்டுடறார், நீ கோயிலுக்குள்ள இருக்கியா இல்லையா? உள்ளேர்ந்து பதில் வருது, "உளோம் போகீர்". இருக்கோம், நீ போ. அவ்ளோதான். கண்ணு தரல. ஒரு ஊன்றுகோல் தர்றார். கோபத்துல அந்தக் கோலைத் தூக்கி எறிஞ்சதுல நந்தியோட கொம்பு உடைஞ்சு போச்சுன்னு அந்தக் கோயில்ல சொல்லுவாங்க, அங்க நந்தியப் பாத்தீங்கன்னா ஒரு கொம்பு இருக்காது. அதுக்கப்புறம் காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல இன்னொரு கண்ணு. அந்த ரெண்டாவது கண்ணுக்காக திருவாரூர்ல அவர் பாடினதுதான் இன்னும் காரம், நீங்க குடுக்கலேன்னா போங்க, நல்லா வாழ்ந்துக்கோங்கன்னு, "வாழ்ந்து போதீரே"ன்னு ஒவ்வொரு பாட்டையும் அப்படித்தான் முடிக்கறார். இது தேவாரத்துல இருக்கு. ஏழாம் திருமுறைல இருக்கு. இதையும் சேத்துதான் நம்ம ஆளுங்க இத்தன நூறு வருஷமா கோயில்ல பண் போட்டு பாடிக்கிட்டு இருக்காங்க, யாரும் இது மரியாதை இல்லன்னு எடுத்து வெளிய போடல.

எனக்கு இதுல கண்ணு கிடைச்சது கூட பெருசாப் படல. அந்த நடுவுல இருக்கற தூரம்தான் பெருசாப் படுது. வெண்பாக்கத்துலேர்ந்து காஞ்சிபுரம் வரைக்கும் அந்த மனுஷன் ஒரு கோலை ஊன்றிக்கிட்டு நடந்திருக்கார், கேட்டது கிடைக்காம, "இருக்கோம்"ங்கற ஒரே ஒரு வார்த்தைய மட்டும் வச்சிக்கிட்டு. சண்டையும் போட்டுக்கிட்டு, நடந்துக்கிட்டும் இருந்திருக்கார். சண்டை போடறது நம்பிக்கை இல்லாதவங்க பண்ற வேலை இல்ல, இல்லவே இல்லாத ஒருத்தர்கிட்ட யாரு சண்டை போடுவாங்க?

அதே மாதிரி பூம்பாவை கதை. கபாலி கோயில் பங்குனிப் பெருவிழால எட்டாம் நாள் அறுபத்துமூவர் அன்னிக்கு மாடவீதி முழுக்க ஜனம், மோர், பானகம், சாப்பாட்டுப் பொட்டலம்னு எல்லாம் குடுத்துக்கிட்டு இருப்பாங்க, அன்னிக்கு காலைல குளத்துக்கிட்ட பூம்பாவைய எழுப்பற ஐதீகம் நடக்கும். பாம்பு கடிச்சு செத்துப்போன பொண்ணு, சம்பந்தர் பதிகம் பாடினதும் குடத்துல இருந்த சாம்பலும் எலும்பும் உயிரோட பொண்ணா எழுந்து வருது. சின்ன வயசுல எனக்கு அந்தப் பொண்ணு எழுந்து வர்றதுதான் கதை. இப்ப எனக்கு அவ அப்பா சிவநேசர்தான் கதை. சம்பந்தர் வருவாரா, வந்தா என்ன ஆகும்னு ஒண்ணும் தெரியாம அந்தக் குடத்த கன்னிமாடத்துல வச்சு, அதுக்கு நகை போட்டு, பூ சாத்தி, உயிரோட இருக்கற பொண்ணுக்கு பண்ற மாதிரி எல்லாம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கார். அக்கம்பக்கத்துல என்ன பேசியிருப்பாங்க, நினைச்சுப் பாருங்க. எல்லா வீட்டுக் குடத்துலேர்ந்தும் பொண்ணு எழுந்து வர்றதில்ல, எங்க வீட்டுல வரல. ஆனா சிவநேசர் குடத்துப் பக்கத்துல உக்காந்திருந்த அந்தக் காலம் எனக்குப் புரியுது, அத எனக்கு யாரும் விளக்கவே வேணாம்.

சரி, இதனால எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, பெரிய அனுபவம் எல்லாம் ஒண்ணும் இல்ல, ஒளி தெரியல, குரல் கேக்கல. கேக்கறத விட்டுட்டு சும்மா போயிட்டு வர ஆரம்பிச்சேன். ஆபீஸ் முடிஞ்சு வந்து, முகம் கழுவிட்டு, ஒரு சுத்து. மனசு இருந்தாலும் இல்லன்னாலும். மனசு இல்லாத நாள்தான் ஜாஸ்தி, அந்த நாள்ல கூட கால் போயிடும், அப்புறம் மனசு மெதுவா பின்னாடி வந்து சேரும். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம சன்னதில நின்னப்ப முதல்ல ரொம்ப வெறுமையா இருந்துச்சு, என்ன பேசறதுன்னே தெரியல. இத்தன வருஷமா நான் லிஸ்ட் படிச்சிக்கிட்டு மட்டுமே இருந்திருக்கேன், அவங்க முகத்த நிதானமா பாத்ததே இல்ல. பாக்க ஆரம்பிச்சேன். அப்புறம் மெதுவா பக்கத்துல நிக்கறவங்க முகமும் கண்ணுல பட ஆரம்பிச்சுது, ஒருத்தர் ஆஸ்பத்திரி கவர் கையில வச்சிருப்பார், ஒரு பாட்டி யார் பேரோ சொல்லி அர்ச்சனை பண்ண சொல்லுவாங்க, நட்சத்திரம் தெரியாம தடுமாறுவாங்க.

இதுல உருப்படியா மாறினதுன்னா ஒண்ணு சொல்லலாம். வளைகாப்பு. குழந்தை இல்லாதவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம்னு, கூப்பிட்டாலும் கஷ்டம், கூப்பிடாட்டியும் கஷ்டம். முன்னாடி எல்லாம் பத்திரிகை வந்தா எனக்கு ஜுரம் வந்துடும், நிஜமாவே உடம்பு சுடும். என் நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு வந்தப்ப நான் போனேன், அவளே கையப் பிடிச்சு உக்கார வச்சு "அத்தை, நீங்க முதல்ல போடுங்க"ன்னு சொன்னா, ரெண்டு கையிலயும் வளையல் போட்டு, கன்னத்துல சந்தனம் பூசி விட்டேன், எனக்கு அழுகை வரல, பொறாமை வரல. அவளுக்கு நல்லபடியா ஆகணும்னு மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் வலுக்கட்டாயமா வரவழைச்சிக்கிட்ட நினைப்பு இல்ல. அன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடிதான் எனக்கே அது உறைச்சுது. எனக்கு கிடைக்காத ஒண்ணு இன்னொருத்தருக்கு கிடைக்கறதப் பாத்து நிஜமா சந்தோஷப்பட முடியறதுக்கு மேல ஆன்மீக வளர்ச்சின்னு தனியா என்ன இருக்கு, எனக்குத் தெரியல.

என் வீட்டுக்காரர் சாமி கும்பிட மாட்டார். அவங்க அப்பா பெரியார் பேச்சு கேக்க சைக்கிள்ல போன ஆள், வீட்டுலயே அப்படித்தான் வளர்ந்தார். நான் போன கோயிலுக்கு எல்லாம் கூட வந்தார், வெளிய செருப்புக்கு காவலா நிப்பார், கிண்டல் பண்ணி ஒரு வார்த்தை பேசினதில்ல. அவர் என்ன விட பொறுமை, என்ன விட சீக்கிரம் இத ஏத்துக்கிட்டார். அதனால நம்பிக்கை இருந்தாதான் மனுஷன் பக்குவப்படுவான்னு என்னால சொல்லவே முடியாது, என் வீட்டுலயே அதுக்கு எதிர்சாட்சி காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு இது வழி, அவருக்கு வேற வழி, அவ்ளோதான்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு விட்டுக்குடுக்கவே மனசு வராது. "உன் நம்பிக்கை பத்தல, அதான் நடக்கல"ன்னு சொல்றாங்க பாருங்க. ஒரு ஜோசியர் அத என் முகத்துக்கு நேரா சொன்னார், சொல்லிட்டு இன்னொரு பரிகாரத்துக்கு ஒரு தொகையும் சொன்னார். அந்தத் தொகை எங்க ஒரு மாச சம்பளம். இத மாதிரி கொடுமையான பேச்சு வேற இல்ல. ஏற்கனவே உடைஞ்சு போய் உக்காந்திருக்கறவகிட்ட, அதுவும் உன் குத்தம்தான்னு சொல்றது. அப்படிப் பாத்தா சுந்தரருக்கு நம்பிக்கை பத்தலையா? சிவநேசருக்கு? தயவு செஞ்சு யார்கிட்டயும் இப்படி சொல்லாதீங்க, உங்ககிட்ட யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. அதே மாதிரி விபூதி இருக்கு, தீர்த்தம் இருக்குன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட போறத தள்ளிப் போடாதீங்க, சாமி அத எங்கயும் கேக்கல.

நம்பிக்கைக்கு காசு எவ்வளவு வேணும்னு தெரியணும்னா திருநின்றவூர் போயிட்டு வாங்க. சென்ட்ரல்லேர்ந்து ஆவடி தாண்டிப் போற லோக்கல் டிரெயின். பூசலார் ஊர் அது. சிவனுக்கு கோயில் கட்டணும்னு ஆசை, கையில பணம் இல்ல, கேட்டும் கிடைக்கல, அதனால மனசுக்குள்ளயே கட்டறார். இத கேட்டா சுலபம்னு தோணும். ஆனா சேக்கிழார் சொல்றதப் பாத்தா அவர் ஒரே நாள்ல கண்ண மூடி கட்டி முடிச்சிடல, நல்ல நாள் பாத்து அஸ்திவாரம் போட்டு, தச்சரத் தேடி, ஒவ்வொரு வரிசையா எழுப்பி, சிகரம் வச்சு, சுதை வேலை பாத்து, கிணறு வெட்டி, குளம் தோண்டி, மதில் எடுத்து, எல்லாம் மனசுல, நிஜக் கோயிலுக்கு ஆகற மாதிரி நாள் கணக்கா. அதே நேரத்துல காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா கல்லுல பெருசா கோயில் கட்டி முடிச்சு கும்பாபிஷேகத்துக்கு நாள் வைக்கறார், சாமி ராஜா கனவுல வந்து அன்னிக்கு எனக்கு திருநின்றவூர்ல வேலை இருக்கு, நீ வேற நாள் வச்சுக்கோன்னு சொல்றார். ராஜா தேடிக்கிட்டு வர்றார், அந்த ஊர்ல யாருக்கும் அப்படி ஒரு கோயிலே தெரியல. இப்ப அங்க இருதயாலீஸ்வரர்னு கோயில் இருக்கு, இதய நோய் இருக்கறவங்க நிறைய பேர் வந்து வேண்டிக்கறாங்க. நான் அங்க போனப்ப கூட்டமே இல்ல. எனக்குத் தோணினது, ஒரு விஷயத்த கல்லு கல்லா, அவசரப்படாம, யாரும் பாக்காதப்பவும் மனசுல வச்சுக் கட்ட முடியறவனுக்கு அந்தக் கட்டற வேலையே அவன மாத்தியிருக்கும், ராஜா வந்து பாத்தாலும் பாக்காட்டியும்.

என்கூட வேலை பாக்கற தோழி ஒருத்தங்க, சாந்தோம்லதான் வீடு, நான் இத எல்லாம் சொன்னப்ப அவங்க தோமையார் பத்தி சொன்னாங்க. மெட்ராஸ்ல மூணு இடம் அவர் பேர்ல நிக்குது, சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம், அந்தப் பேராலயம் அவரோட கல்லறை மேலதான் இருக்குன்னு அவங்க நம்பிக்கை. அவர்தான் சந்தேகப்பட்ட சீஷர், ஆணி அடிச்ச காயத்துல விரல விட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்னவர். யோவான் நற்செய்தி 20ம் அதிகாரத்துல இருக்கு. அவங்க சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. அவர் நம்ப மாட்டேன்னு சொன்னதுக்கும் இயேசு திரும்ப வந்ததுக்கும் நடுவுல எட்டு நாள் இருக்கு. அந்த எட்டு நாளும் மத்தவங்க எல்லாம் பாத்தோம் பாத்தோம்னு சந்தோஷமா பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க, இவர் ஒருத்தர் மட்டும் நம்பாதவர், ஆனாலும் எட்டு நாள் கழிச்சு அதே வீட்டுக்குள்ள அவங்களோட இருக்கார். "அவர் எழுந்து போகலப்பா, அவங்களும் அவர வெளிய போன்னு சொல்லல"ன்னாங்க. இத சொல்லிட்டு அவங்க டிபன் பாக்ஸ மூடிட்டு சீட்டுக்குப் போயிட்டாங்க, நான் அன்னிக்கு பூரா அதயே யோசிச்சிக்கிட்டு இருந்தேன். சந்தேகம் வந்தா நம்பிக்கை போச்சுன்னு நாம பயப்படறோம், சந்தேகத்தோடவே அந்த வீட்டுல இருக்க முடியும்னு நம்ம ஊர் தோமையாரே காட்டிட்டுப் போயிருக்கார்.

சித்தி பொண்ணுக்கு அன்னிக்கு நான் சொன்ன பாதி பதில், "நடக்கும்னு நம்பித்தான் போனேன், இப்ப அது இல்ல, ஆனா போனா யாரோ இருக்காங்க"ங்கறது. அவளுக்கு அது போதல, முகத்துலயே தெரிஞ்சுது. போதாதுதான், எனக்கே அது போதற நாளும் இருக்கு, போதாத நாளும் இருக்கு.

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், வீட்டுல மாமியார் பேச்சு தாங்கலன்னு ஒரு நாள் லிஃப்ட்ல அழுதுட்டா. மாங்காடு காமாட்சிக்கு 6 வாரம் எலுமிச்சம்பழம் வச்சு வேண்டிக்கப் போறேன்கா, நடக்குமா, உங்களுக்குத் தெரியுமேன்னு கேட்டா. இந்த சுந்தரர், பூசலார் கதை எல்லாம் அவகிட்ட நான் சொல்லல, அவ வயசுல யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா எனக்கும் எரிச்சல்தான் வந்திருக்கும். நடக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா, டாக்டர்கிட்ட காட்டறத மட்டும் விடாதன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போரூர் சிக்னல்ல மாட்டிக்கிட்டா நேரம் ஆயிடும், ஞாயித்துக்கிழமை காலைல போலாம், நானும் வரேன்னு சொல்லியிருக்கேன்.